ஐந்து சிலிண்டர் காரும் இரண்டு தட்டும்

தம்பி,

உன்னை நான் அறைந்தது வலக்கையால். இந்தக் கடிதத்தையும் அதே கையால்தான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்சம் எரிகிறது. வதனிக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் முன்னால், கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில், கலியாணம் நிச்சயமான மகனைத் தாய் கன்னத்தில் அறைந்தது தெருவுக்கே கதையாகிவிட்டது. எதிர்வீட்டு ஓட்டோக்காரன் இன்று காலை என்னைக் கண்டதும் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். அவனுக்கும் ஒன்று கொடுத்திருப்பேன், எட்டவில்லை. நீ போகும்போது, "என்ரை கலியாணத்துக்கு நீங்கள் வரவேண்டாம்" என்றாய். சொன்னபடியே பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் சிநேகிதன் அறைக்குப் போய்விட்டாய். கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது. கெஞ்சிக் கூத்தாட இதை எழுதவில்லை, அது எனக்கு வராது. ஏன் அடித்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். வதனி வாசிக்கட்டும், அவளுடைய தாய் தகப்பன் வாசிக்கட்டும், என் கூடப்பிறந்த உன் மாமாவும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கட்டும்.

நீ செய்தது ஒரு குற்றமும் இல்லை. அப்பாவின் காரைத் திருத்தினாய். எனக்குத் தெரியாமல் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடி அலைந்து ஒரு முழ ரப்பர் குழாயும் ஒரு சின்ன மூடியும் வாங்கி வந்து பூட்டினாய். வதனி வீட்டார் வந்திருந்த நேரம் பார்த்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, காரை ஸ்டார்ட் பண்ணி, சாவியைத் திருப்பி நிறுத்திக் காட்டினாய். என் கையில் தேத்தண்ணித் தட்டு. இத்தனை வருடமாகத் திறப்பைத் திருப்பினாலும் நிற்காமல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், சட்டென்று வாயை மூடிக்கொண்டது. நீ சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு, "இனி நிக்கும் அம்மா" என்றாய். தட்டு கீழே விழுந்ததும் என் கை உன் கன்னத்தில் விழுந்ததும் ஒன்றாகத்தான் நடந்தது. நீ சொன்ன அந்த ஒரு சொல்லுக்குத்தான் அடித்தேன்.

வதனிக்கு விளங்கவேண்டும் என்பதற்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பெற்றோல் எஞ்சினுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நெருப்புப் பொறி வேண்டும். திறப்பைத் திருப்பினால் பொறி நின்றுவிடும், எஞ்சினும் நின்றுவிடும். டீசலுக்குப் பொறி தேவையில்லை. காற்றை நெரித்து நெரித்துக் கொதிக்கவைத்து அந்தக் கொதிப்பிலேயே எரிந்து ஓடுவது அது. அதை நிறுத்துவதற்கு டீசலை மறிக்கவேண்டும். இந்த ஜேர்மன் காரில், திறப்பைத் திருப்பினால் ஒரு ரப்பர் குழாய் காற்றை உறிஞ்சி டீசலை மறிக்கும். குழாய் வெடித்துவிட்டால் திறப்பு வெறும் இரும்பு. பொனட்டைத் தூக்கி, எஞ்சின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலைக் கையால் அமுக்கினால்தான் நிற்கும். கோயில் வாசலிலும் செத்த வீட்டிலும் உன் பள்ளிக்கூட வாசலிலும் நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பொனட்டைத் தூக்கியதை நீ பார்த்து வளர்ந்தாய். மற்றப் பிள்ளைகள் சிரிக்க, நீ சீற்றுக்குக் கீழே ஒளிந்துகொள்வாய். ஏன் திருத்தவில்லை என்று கேட்ட கராஜ் பாஸ்மார் எல்லாருக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உண்டு.

அந்தக் காரை உன் அப்பா ஊருக்குத் திரும்பிப்போன ஒரு ஜேர்மன்காரனிடம் வாங்கினார். கலியாண ஹயருக்கு விடுவது அவருடைய தொழில். அதற்கு முன் ஒரு பழைய ஆங்கிலக் கார் வைத்திருந்தார். ஐந்து சிலிண்டர் என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நாலு கேள்விப்பட்டிருக்கிறோம், ஆறு கேள்விப்பட்டிருக்கிறோம், இது என்ன ஐந்துகால் கட்டில் என்றார்கள். அப்பாவுக்குக் கோபம் வராது, அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் என்னைக் கட்டினார். நிதானமாக விளங்கப்படுத்துவார். நாலு சிலிண்டர் டீசலுக்கு இழுவை காணாது, ஆறு வைத்தால் பொனட்டுக்குள் அடங்காது, அதனால் ஒன்றைக் கூட்டி ஐந்தை ஒரே வரிசையில் நிறுத்தினார்கள் என்பார். ஒற்றை எண் என்பதால் எஞ்சின் முன்னும் பின்னும் தலையாட்டும், தாங்கிப் பிடிக்கிற ரப்பர்கள் கெதியில் தேயும். சத்தமும் அப்படித்தான், கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஓடுகிற சத்தம். ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அவர் வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். நீ வேலை செய்கிற இடத்திலும் ஐந்து சிலிண்டர் வான்களும் ஜீப்புகளும் வருவதாகச் சொன்னாய். இந்தக் காலத்தில் யார் அந்தச் சத்தத்தைக் கவனிக்கிறார்கள்.

எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். பழைய காரில் நான் கிளச்சை விடவும் எஞ்சின் செத்துப்போகும். விடுவேன், குலுங்கும், சாகும். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான், நான் இறங்கிப் போய் அவனோடு சண்டை பிடிப்பேன். ஐந்து சிலிண்டரில் ஏறிய முதல் நாள் எத்தனை தடவை விட்டும் அது சாகவேயில்லை. நான் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா சிரித்தார். "நீர் ஒண்டும் திருந்தேல்லை. நாலு சிலிண்டரிலை ஒருத்தன் தள்ளி முடிச்ச பிறகுதான் மற்றவன் தொடங்குவான். இடையிலை ஒரு ஓட்டை இருக்கு, நீர் அதுக்கை விழுவீர். ஐஞ்சிலை ஒருத்தன் முடிக்கமுந்தியே மற்றவன் தள்ளத் தொடங்கிடுவான். ஓட்டை இல்லை. அதாலைதான் இது மெல்ல ஓடினாலும் சாகாது" என்றார். கலியாணம் கட்டப்போகிற உனக்கு நான் வேறு புத்தி சொல்லத் தேவையில்லை. வதனி ஒரு வேலையை முடித்துக் களைத்து உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருக்காதே, அவள் முடிக்குமுன்பே நீ தொடங்கு.

பழக்கும்போது அவர் சிலவேளை இறங்கிப் பின்னால் நிற்பார். லொறிப் பொடியன்கள் செய்வதுபோல டிக்கியில் கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. கண்ணாடியைப் பார்க்காதே, என் கையைக் கேள் என்பார். பிறகு அது எங்கள் பழக்கமாகிவிட்டது. குசினியில் நான் அலுப்போடு நின்றால் வந்து கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். நீ பிறந்தபோது ஆசுபத்திரிக் கட்டில் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். உனக்கு நாலு வயது. அப்போது நாம் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் இருந்தோம். ரப்பர் குழாய் வெடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை, பொறளையில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பா நம் இருவரையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு மாமா வீட்டுக்குப் புறப்பட்டார். காலி வீதிக்கு ஏறியதும் பார்த்தால் இரண்டு பக்கமும் கடைகள் எரிகின்றன. ஒரு வானைக் கவிழ்த்து நெருப்பு வைத்திருந்தார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். நான் உன் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அப்பா காரைத் திருப்பி, கடலுக்குப் போகிற நம்முடைய ஒழுங்கைக்குள்ளேயே விட்டார். முனையில் இருபது பேர் அளவில் வழிமறித்தார்கள். சாரம் மடித்துக் கட்டியவன், காற்சட்டை போட்டவன், கையில் தமிழர் வீட்டுப் பட்டியலோடு ஒருவன், கத்தி, இரும்புக் குழாய். கார் கடலை நேரே பார்த்தபடி நின்றது.

கதவைத் திறந்து "பெஹெப்பன்!" என்று இறங்கச் சொல்லிக் கத்தி, அப்பாவின் கழுத்தைப் பிடித்து இழுத்தான் ஒருவன். அவர் இறங்கிக்கொண்டே சிங்களத்தில், "லமயெக் இன்னவா, மாத்தயா" என்றார். பிள்ளை ஒன்று இருக்கிறது ஐயா என்று. ஐயா என்றுதான் சொன்னார். இரும்புக் குழாய் அவருடைய வாயில் விழுந்தது. பல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொருவன் உள்ளே கையை விட்டுத் திறப்பைத் திருப்பிப் பிடுங்கி, பக்கத்துக் கூரைமேல் எறிந்தான். இனி இவர்கள் எங்கும் போகமாட்டார்கள் என்று அவனுக்கு நிம்மதி. அவர்கள் போட்ட கூச்சலில் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது அவன் காதில் விழவில்லை. என் காலுக்குக் கீழே அது தலையாட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவர்கள் வேலை செய்த முறை உனக்குத் தெரியவேண்டும். எவனும் வீட்டிலிருந்து பெற்றோல் கொண்டுவரவில்லை. மறிக்கிற வாகனத்தின் பெற்றோல் தாங்கியிலிருந்தே குழாய் விட்டு உறிஞ்சி, அந்த வாகனத்துக்கும் அதில் வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொளுத்துவார்கள். ஒருவன் வாயால் உறிஞ்சி வாளியில் பிடித்து, பின்பக்கம் அப்பாவை நிறுத்தி அவருடைய தலையில் ஊற்றினான். மிச்சத்தைக் காருக்கு விசிறினான். நெருப்புக் குச்சி கிழித்துப் போட்டார்கள். அணைந்தது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் அணைந்தது. "மேக டீசல்!" என்று ஒருவன் கத்தினான், இது டீசலாம். உறிஞ்சியவன் காறிக் காறித் துப்பினான். ஏமாந்த கோபத்தில் அப்பாவை அடிக்கத் தொடங்கினார்கள். டீசல் வாங்கியதற்காகவும் ஒரு மனிதனை அடிப்பார்கள் என்று அன்றுதான் கண்டேன். ஒருவன் பெற்றோல் எடுத்துவரக் காலி வீதிப் பக்கம் ஓடினான்.

உன்னைக் கீழே, கால் வைக்கிற இடத்துக்குள் தள்ளி, என் செருப்புக் காலால் அமுக்கிவிட்டு, சாரதிப் பக்கத்துக்குத் தாவினேன். ஜன்னலுக்குள்ளால் வந்த ஒரு கை என் கொண்டையைப் பிடித்தது. நான் விடவில்லை, மயிர்தான் அவனோடு போனது. உச்சியில் அந்த இடத்தில் இன்றும் முடி இல்லை, நீ வைத்தியத் தைலம் வாங்கித் தந்தாயே, அது இதற்குத்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அசையவில்லை. திறப்பை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அந்தக் காரின் புத்தி அப்படி. சில்லுகள் நேரே நின்றன. நேரே மட்டும்தான் போகலாம். நேரே மூன்று பேர் நின்றார்கள், நடுவில் நின்றவன் கத்தியால் பொனட்டைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது பின்னால், டிக்கியில், இரண்டு தட்டுக் கேட்டது.

கியரைப் போட்டேன். கிளச்சை எப்படி விட்டேனோ தெரியாது, நிச்சயமாக மோசமாகத்தான் விட்டிருப்பேன். பழைய கார் என்றால் அந்த இடத்திலேயே செத்திருக்கும், மறுபடி ஸ்டார்ட் பண்ணத் திறப்பும் இல்லை, நீயும் நானும் அந்த முனையில் கரியாகியிருப்போம். இது சாகவில்லை. ஒருத்தன் முடிக்குமுன் மற்றவன் தள்ளினான். கார் கிளம்பியது. நடுவில் நின்றவனுக்கு இடுப்பில் அடித்தது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவன் கீழே போனான். முன்சில்லு ஏறி இறங்கியது. பின்சில்லும் ஏறி இறங்கியது. அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். அவனுக்காக வருத்தப்பட நான் பல முறை உட்கார்ந்து முயன்றிருக்கிறேன், தம்பி. வரவில்லை. வராததை வந்ததாக உனக்கு எழுதமாட்டேன்.

நம் ஒழுங்கை கோடு போட்டதுபோல நேராகப் போய் ரயில் பாதையில் முடியும், அதற்கு அப்பால் கடல். ஸ்டியரிங் பூட்டியிருந்தும் நாம் தப்பியது அதனால்தான். தண்டவாளத்துக்கு முன்னால் காரை விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கடைசி வீட்டுச் சிங்கள நோனா பின்படலையைத் திறந்து, ஒரு வார்த்தை கேட்காமல் நம்மைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. வந்து பார்த்தவர்கள் அதற்கும் நெருப்பு வைத்தார்கள், பின்சீற் மட்டும் கருகியது. மிஞ்சியிருந்த டீசல் முடியும் வரை, பின்னேரம் வரை, அது ஓடியது. அதற்குள் ஒழுங்கை முனையிலிருந்து புகை வந்தது. பெற்றோல் எடுக்கப் போனவன் திரும்பி வந்துவிட்டான் என்று எனக்கு விளங்கியது. நீ பசிக்குது என்று அழுதாய். நான் உன் வாயைப் பொத்தினேன்.

மாமா சில நாள் கழித்து அப்பாவைத் தேடி அந்த முனைக்குப் போய்ப் பார்த்தார். எடுத்துவர ஒன்றும் இருக்கவில்லை. அகதிகளாக நாம் கிடந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு அப்பாவின் அண்ணன் வந்தார். எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்: "அவனை விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை வந்தனீர்? ஒருக்கா நிப்பாட்டியிருக்கேலாதோ?" நான் வாயைத் திறக்குமுன் உன் மாமா முந்திக்கொண்டார். "அந்தக் காரை நிப்பாட்டேலாது அண்ணை. குழாய் வெடிச்சது எல்லாருக்கும் தெரியும்தானே. கார் நிக்கேல்லை, அவள் என்ன செய்யிறது?" பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அதுதான் நம் வீட்டுக் கதை. திவசத்துக்குத் திவசம் மாமா சொல்வார், கார் நிக்கேல்லை. நீயும் அதைக் கேட்டு வளர்ந்தாய்.

காரை மாமா இழுத்து வந்தார். புதுப் பூட்டும் திறப்பும் போட்டோம், பின்சீற் மாற்றினோம். குழாயை மாற்ற நான் விடவில்லை. அதே காரில் கலியாண ஹயர் ஓடித்தான் உன்னைப் படிப்பித்தேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆர்மர் வீதிச் சோதனைச் சாவடியில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. "எஞ்சிம ஓஃப் கரண்ட!" என்று எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஆமிக்காரன் கத்தினான். நான் திறப்பைத் திருப்பிக் காட்டினேன், எஞ்சின் நிற்கவில்லை. பொனட்டைத் திறக்கவேண்டும் மாத்தயா என்று இறங்கினேன், குண்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துத் துவக்குப் பிடியால் என் தோளில் அடித்தான். எலும்பு உடைந்தது. விழுந்து கிடந்தபடியே அவனைத் திட்டினேன், அதற்கு இன்னொன்று விழுந்தது. நீ பள்ளிக்கூடக் காற்சட்டையோடு மூத்திரம் போய்க்கொண்டு, "நான் பெரிசா வந்து இந்தக் காரைத் திருத்துவன்" என்று கத்தி அழுதாய். அந்தச் சத்தியத்தைத்தான் போன கிழமை நிறைவேற்றினாய். அடிபட்ட அம்மாவுக்காகச் செய்தாய். அதற்கு என்னிடம் அடி வாங்கினாய். என் பிள்ளையே, அந்தக் கன்னத்தை நினைத்தால் நெஞ்சு வேகிறது.

இப்போது கேள். திறப்பைத் திருப்பினால் நிற்காதது எஞ்சின். காருக்குப் பிரேக் இருந்தது. தண்டவாளத்துக்கு முன்னால் நான் பிரேக்கை மிதித்துத்தான் நிறுத்தினேன், நல்ல வடிவாகப் பிடித்தது. முனையிலும் பிடித்திருக்கும். கிளம்பிய பிறகு கண்ணாடியில் உன் அப்பாவைக் கண்டேன். முழங்காலில் இருந்தார், முகம் முழுக்க இரத்தமும் டீசலும். என் கால் பிரேக்குக்குப் போனது. உன் தலை என் மற்றக் காலில் முட்டிக்கொண்டிருந்தது. காலை எடுத்துவிட்டேன். கார் நிற்காமல் போகவில்லை, நான் நிறுத்தவில்லை. மாமா எனக்காக ஒரு கதை கட்டினார், நான் வெடித்த குழாயை வைத்து அதைக் காப்பாற்றினேன். கார் நிற்காது என்று ஊரே சிரித்துக்கொண்டிருக்கும் வரை என்னை யாரும் எதுவும் கேட்கமுடியாது. நீ வந்து, "இனி நிக்கும் அம்மா" என்றாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை மாமாவுக்கும் சொன்னதில்லை. டிக்கியில் கேட்ட அந்த இரண்டு தட்டு. அது அவருடைய கையா, அல்லது அவருடைய தலையைப் பிடித்து அவர்கள் காரில் அடித்ததா, எனக்குத் தெரியாது. இரண்டு கேட்டது. மூன்றாவது ஒன்று வந்ததா என்று கேட்க நான் அங்கே இருக்கவில்லை. போ என்று சொன்னார் என்று சில நாள் நம்புவேன். சில நாள் சோறு பிசையும்போது அந்தச் சத்தம் வரும், எழுந்து கை கழுவிவிடுவேன். நிறுத்தியிருந்தால் நீ இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயம். திரும்ப அந்த முனையில் கொண்டுபோய் விட்டாலும் அதையே செய்வேன், அழுதுகொண்டே செய்வேன்.

நீ பூட்டிய குழாயை நான் பிடுங்கவில்லை. நேற்றுப் போய்க் காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணி, திறப்பைத் திருப்பினேன். நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி மறுபடி நிறுத்தினேன். எதிர்வீட்டு ஓட்டோக்காரன் கிழவிக்கு விசர் என்று நினைத்திருப்பான். காரைக் கழுவி வைத்திருக்கிறேன், உன் கலியாணத்துக்கு அதுதான் வரவேண்டும். என்னை மண்டபத்துக்குள் விடுவதா இல்லையா என்பதை நீயும் வதனியும் முடிவு செய்யுங்கள். விடாவிட்டாலும் வாசலில் நிற்பேன், என்னை அங்கிருந்து கிளப்ப நீ ஆமியைத்தான் கூப்பிடவேண்டும். தாலி கட்டி முடிந்து நீங்கள் இரண்டு பேரும் காரில் ஏறி உட்கார்ந்ததும், பின்னால் டிக்கியில் இரண்டு தட்டுக் கேட்கும். அது என் கை. திரும்பிப் பார்க்காமல் போ.

அம்மா